உங்கள் தங்கைக்குக் காற்று வந்த விவரம்

சேசு மரி சூசை துணை

ஆலத்தியூர்,
வைகாசி, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மூத்த மச்சான் பிரான்சிஸ் வாத்தியார் அவர்களுக்கு, தங்கள் ஒரே தங்கை சாந்தி மேரியைக் கட்டிய பிலவேந்திரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் ஆடு இரண்டும் சுகம். வரதராசன்பேட்டையில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், உங்கள் சர்க்கரை இறங்கவும், முந்திரி நன்றாகக் காய்க்கவும் மாதாவை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் "மச்சான்" என்று ஆரம்பித்ததுமே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை, எழுதிய தாளைப் பாதியில் கீழே வைக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சிவப்பு மையால் கோடு போட்டாலும் பரவாயில்லை, கடைசி வரை படிக்கவும்.

சென்ற மாதம் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "மாப்ள, எந்தங்கச்சிய தகர டப்பால வச்சு அவிக்கப் போறீங்களா?" என்று கேட்டீர்கள். அண்ணன் என்ற முறையில் கேட்க வேண்டியதுதான். ஆனால் அது தகர டப்பா இல்லை மச்சான். ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட வேனை நான் ரிட்டையர் ஆன கையோடு வாங்கி, பெரம்பலூரில் பாடி கட்டும் குருமூர்த்தியிடம் விட்டு, சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டு, பின்னால் இரண்டு பேர் படுக்கக் கட்டில், முன்னால் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, தண்ணீர் டேங்க், துணி வைக்க அலமாரி என்று ஒரு முழு வீட்டையே உள்ளே இறக்கியிருக்கிறேன். ஊரில் இதற்கு வண்டிவூடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதற்கு இத்தனையும் என்றால், சிமெண்ட் பேக்டரியில் முப்பத்து நாலு வருடம் ஷிப்ட் பார்த்த நான், உங்கள் தங்கையை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கே அவள் தனியாகப் பஸ் ஏறி வந்ததும், நீங்கள் அவளுக்குப் பின்னால் என்னைத் தேடியதும் எனக்குத் தெரியும். அந்தக் குறை என் நெஞ்சில் கிடக்கிறது. அதனால் வேளாங்கண்ணியில் தொடங்கி, கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரி வரைக்கும், அவள் நில் என்ற இடத்தில் நின்று, கிளம்பு என்றால் கிளம்பி, மெதுவாக ஒரு மாதம் போய்வர வேண்டும் என்பது திட்டம்.

உங்கள் தங்கை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். நான் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன், குழாயைத் திறந்து காட்டினேன். அவள் அதையெல்லாம் கவனிக்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, "காத்து வந்தா வரேன். வரலன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். பரீட்சையும் அவளே வைத்தாள். வெயில் காலத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு உள்ளே படுப்பாள். நாலு மணி வரை தூங்கிவிட்டால் என்னோடு வருவாள். நடுவில் எழுந்து வந்துவிட்டால் அந்தப் பேச்சையே நான் எடுக்கக் கூடாது. சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

அன்றைக்கு ஃபேன் தேட ஆரம்பித்தவன்தான். ஏசி போடலாமே என்பீர்கள். அதற்கு வேண்டிய பேட்டரியை ஏற்றினால் நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் நடந்துதான் வர வேண்டும் என்று குருமூர்த்தி சொல்லிவிட்டார். சீலிங் ஃபேன் மாட்டினால் எழுந்து நிற்கும்போது என் தலை இருக்காது. டேபிள் ஃபேன் ஒவ்வொரு வளைவிலும் உருண்டு கட்டிலில் வந்து படுத்துக்கொள்கிறது. குடோன் கூரையில் சுற்றுமே, அந்த உருண்டைத் தொப்பி ஒன்றை வைத்துவிடலாம் என்றார் குருமூர்த்தி. வெளியே காற்றடித்தால்தான் அது சுற்றும். வெளியே காற்றடித்தால் நான் ஏன் ஃபேன் தேடுகிறேன். கடைசியில் செல்போனில் துழாவித் துழாவி, வெளிநாட்டில் இப்படி வண்டிவீடு வைத்திருப்பவர்கள் மாட்டுகிற கூரை ஃபேனைக் கண்டுபிடித்தேன். கூரையில் பதினாலு அங்குலத்துக்குச் சதுரமாக ஓட்டை போட்டு உட்காரவைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும், மேலே மூடி உண்டு, மழைத்துளி பட்டால் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும், ரிமோட் வேறு. எத்தனை இறக்கை, எவ்வளவு சத்தம், மூடி கறுப்பா வெள்ளையா என்று மூன்று மாதம் நான் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால், நீங்கள் உங்கள் தங்கையைக் கொஞ்சம் சந்தோஷமாகவே கொடுத்திருப்பீர்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர், இந்த ஃபேனால்தான் என் மனைவி இன்னும் என்னோடு இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும், இருப்பதிலேயே பலமாக வெளியே இழுக்கிற ஃபேனாகப் பார்த்து இரண்டு வாங்கினேன்.

தப்பு அங்கேதான். சிமெண்ட் மூட்டைக்கு நடுவில் வாழ்ந்தவனுக்குத் தூசிதான் எதிரி. ஜன்னலைத் திறந்தால் தூசி, கதவிடுக்கில் தூசி, லாரி போனால் சோற்றில் தூசி. உங்கள் தங்கையே வீட்டு ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய சேலையைக் கிழித்துச் சொருகி வைத்திருப்பவள்தானே. அதே பழக்கத்தில் வண்டியின் ஜன்னல் எல்லாவற்றுக்கும் ரப்பர் வைத்து, சிலிகான் பூசி, ஓர் எறும்பு கூட உள்ளே வர முடியாதபடி அடைக்கச் சொன்னேன். குருமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு, காற்று உள்ளே வர வழி வேண்டாமா சார் என்று கேட்டார். காற்றைப் பற்றி எனக்கே பாடமா என்று அவரைச் சத்தம் போட்டுவிட்டேன். அவர் சொன்னதைச் செய்தார். அந்தக் கோபத்திலோ என்னவோ, முன் ஃபேனின் மூடியை வண்டி போகிற திசையைப் பார்த்துத் திறக்கும்படி மாட்டிவிட்டார். குரும்பலூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனபோது எதிர்காற்று மூடியைப் பிய்த்துக்கொண்டு போய் ஒரு சோளக்காட்டில் போட்டது. வண்டியை நிறுத்திவிட்டுத் தேடிப்போனால், கிருஷ்ணம்மாள் என்று ஒரு அம்மா அதற்குள் அதை எடுத்துத் தன் குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டார். வானத்திலிருந்து விழுந்தது எனக்குத்தான் என்றார். சட்டிக்கு அளவாகவும் இருந்தது. அரை மணி நேரம் பேசி, என் வண்டிச் சமையலறைக்கு வாங்கிய புத்தம்புது எவர்சில்வர் தட்டைக் கொடுத்து மீட்டுவந்தேன். இப்போது மூடி பின்பக்கம் பார்த்துத் திறக்கிறது. அதில் இன்னும் கொஞ்சம் புளிக்குழம்பு வாசம் உண்டு.

பிறகு பரீட்சை நாள். உங்கள் தங்கை தலையணையோடு ஏறிப் படுத்தாள். நான் கதவைச் சாத்தி, இரண்டு ஃபேனையும் முழு வேகத்தில் வைத்துவிட்டு வெளியே நின்றேன். நல்ல இரைச்சல், கேட்கவே பெருமையாக இருந்தது. ஆனால் உள்ளே இலை அசையவில்லை. எல்லா வழியையும் நான் அடைத்துவிட்டதால், ஃபேன் இரண்டும் காற்றைத் தேடி, கடைசியில் நான் அடைக்க மறந்த ஒரே ஓட்டையைக் கண்டுபிடித்தன. அது பாத்திரத் தொட்டியின் தண்ணீர் வெளியே போகிற குழாய். அன்று காலையில்தான் அதன் வழியாகக் கருவாடு கழுவின தண்ணீரை ஊற்றியிருந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் கதவு திறந்தது. நெற்றியில் முடியெல்லாம் ஒட்டியிருந்தது. தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், எடுத்து வைத்திருந்த துணிகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை மச்சான். அன்று சாயங்காலம்தான் நீங்கள் போனில் அந்தக் கேள்வியைக் கேட்டது.

மந்திரிக்காமல் ஓட்டியதுதான் காரணமாக இருக்கும் என்று, பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சகாய ஆனந்த் சாமியாரைப் போய் அழைத்தேன். பரீட்சைதான் முடிந்தது, பேச்சு எடுக்கக் கூடாது. மந்திரிக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே. சாமியார் வந்து பார்த்துவிட்டு, இது வண்டியா வீடா என்று கேட்டார். இரண்டுக்கும் ஜெபம் வேறாம். சக்கரம் இருப்பதால் வண்டி என்றேன். அடுப்பு இருப்பதால் வீடு என்றாள் உங்கள் தங்கை. சாமியார் அடுப்பின் பக்கம் சேர்ந்துகொண்டார். வீடென்றால் தீர்த்தத்தோடு சாம்பிராணியும் போட வேண்டும் என்று, சாமியாருக்குக் கூடமாட நிற்கும் கோயில்பிள்ளை ஓடிப்போய்த் தூபக்கலசத்தை எடுத்துவந்தார். சும்மா இருந்திருக்கலாம், நான் சாமியாரிடம் பெருமை காட்ட இரண்டு ஃபேனையும் ஓட விட்டேன். சாமியார் கூரையைப் பார்த்துத் தெளித்த தீர்த்தத்தில் பாதி அப்படியே மேலே போய், வெளியே நின்ற கோயில்பிள்ளையின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவர் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சாம்பிராணி. புகை வீணாகக் கூடாதென்று கதவைச் சாத்தினேன்; அது உள்ளேயே நின்று கனத்துப்போய், ஜெபம் எது இருமல் எது என்று தெரியாமல் போய்விட்டது. சாமியார் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த ஜன்னலை ஓங்கித் தள்ளினார். சிலிகான் பிய்ந்து ஜன்னல் திறந்தது. திறந்ததுதான் தாமதம், நின்றுகொண்டிருந்த புகை எழுந்து, ஜன்னல் பக்கத்திலிருந்து கட்டிலின் நீளத்துக்கு ஓடி, தலைமாட்டில் இருக்கிற ஃபேன் வழியாக மேலே போனது. காற்றை நாங்கள் மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம். சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய போறதுக்கு ரெண்டு வழி வச்சிருக்கீங்க, உள்ள வரதுக்கு ஒண்ணையும் காணமேங்க ஐயா" என்றார். குருமூர்த்தி அப்போது கேட்டது நினைவுக்கு வந்தது. மறுநாளே பெரம்பலூர் போய், அவர் கடையில் வேலை செய்கிறவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் வேலை ஒன்றும் பெரிதில்லை. நிழல் பக்கத்தில் இருக்கிற அந்தக் கால்மாட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைத்தேன். தொட்டிக் குழாய்க்கு ஒரு தக்கை. தலைமாட்டு ஃபேன் மட்டும் பாதி வேகத்தில், முன் ஃபேன் தாளிக்கும்போது மட்டும். உங்கள் தங்கையிடம் நான் வாயைத் திறக்கவில்லை. புகை ஓடியதை அவளும்தான் பார்த்தாளே. போன வியாழக்கிழமை, அனல் பறக்கிற வெயில், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அவளாகவே தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். நான் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டேகாலுக்குக் குறட்டை கேட்டது. மச்சான், அந்தக் குறட்டையைக் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷம், எங்கள் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை. அன்று நீங்கள் முறைத்துக்கொண்டிருந்தீர்கள். நாலே முக்காலுக்கு எழுந்து வந்தாள். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. "காத்து வருது" என்றாள். அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

ஆகவே அடுத்த மாதம் முதல் வாரத்தில் புறப்படுவதாக முடிவு. நீங்களும் அக்காவும் முதல் நாள் வந்து, பெரியவராக நின்று எங்களை வழியனுப்ப வேண்டும். உங்கள் தங்கையை அவிக்காமல், வதக்காமல், போனபடியே கொண்டுவந்து சேர்ப்பேன். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு என் பணிவு. மாதாவின் நிழல் நம் இரண்டு வீட்டின் மேலும், என் வண்டியின் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கும் அன்புக்கும் பாத்திரமான
பிலவேந்திரன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது, அதற்குள் நிலைமை மாறிவிட்டது. நீங்கள் வழியனுப்ப வர வேண்டாம். உங்கள் தங்கை இப்போது வண்டியைவிட்டு இறங்குவதில்லை. காலண்டரையும் அந்தோனியார் படத்தையும் உள்ளே மாட்டிவிட்டாள். வண்டியின் கண்ணாடிக்கும் வேப்ப மரத்துக்கும் கொடி கட்டித் துணி காய்கிறது, வண்டியை எப்படி எடுப்பது. நேற்று மெதுவாக வேளாங்கண்ணிப் பேச்சை எடுத்தேன். அவள் படுத்தபடியே சொன்னாள்: "கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து இப்பத்தான் பகல்ல ஒங்ககூட சும்மா படுத்துப் பேசிட்டிருக்கேன். இத வுட்டுட்டு எங்க போவச் சொல்றீங்க?" நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன். வீட்டிலிருந்து பதினைந்து அடி வந்திருக்கிறோம் மச்சான், பயணம் நன்றாகப் போகிறது. நீங்கள் பார்க்க வந்தால் வீட்டுக் கதவைத் தட்டாமல் வண்டியைத் தட்டுங்கள், நாலு மணிக்கு மேல்.