மயிலைக் கழற்ற மாட்டேன்

திருச்செங்கோடு

அன்பு மாப்பிள்ளை இளஞ்செழியனுக்கு உன் பெரிய அக்கா புருஷன் பெரியசாமி எழுதுவது. நானும் உன் அக்கா மலர்விழியும் நலம். நீ ஆப்பிரிக்காவில் போர்வெல் ரிக்கை வைத்துத் துளைக்கிற குழியெல்லாம் தண்ணீராய்ப் பீய்ச்சட்டும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் முடியாது பார். அதனால்தான் உன் ரிக்குக்கு வேலைக்கு வருகிற இனியன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ விட்டுப்போன பிக்கப்பில் குரூஸ் கண்ட்ரோல் நின்று போனது எனக்குக் கொஞ்ச நாள் தெரியவே இல்லை. வேகத்தை ஒரு தரம் வைத்துவிட்டால் வண்டி தானாக ஓடும், காலுக்கு வேலையில்லை என்று நீ சொல்லிக்கொடுத்தாய் அல்லவா, நானும் பட்டனை அமுக்கிவிட்டு, ஆகா என்ன சுகம் என்று உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, உங்க காலு மிதிச்சுட்டேதானுங்க இருக்குது" என்று மலர்விழிதான் கண்டுபிடித்தாள். நான் நம்பவில்லை.

அந்த நம்பிக்கையோடு ஓமலூரில் சகலை கைலாசத்தை ஏற்றிக்கொண்டு மேட்டூர்க் கல்யாணத்துக்குப் போனேன். அறுபதில் பட்டனை அமுக்கி, "இப்பப் பாருங்க சகலை" என்று இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் வைத்தேன். வண்டி மெதுவானது, இன்னும் மெதுவானது, முட்டை வண்டி தாண்டிப் போனது, டவுன் பஸ் தாண்டிப் போனது, கடைசியில் சோளத்தட்டுக் கட்டிக்கொண்டு வந்த மொபெட்காரர் ஒருவர் எங்களைத் தாண்டும்போது, "டீசல் தீந்துருச்சுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார். கைலாசம் இருக்கிறாரே, வாயே திறக்காத மனுசன், அன்றைக்குத் திறந்தார். "ஏஞ் சகலை, தானா ஓடும்னீங்க, தானா நிக்குதுங்களே!"

அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டுவிட்டார் போல. நீயும், "சரி பண்ணுங்க மாமா, முடியலைன்னா சாவியைக் கைலாசம் மாமாகிட்டக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாய். மாப்பிள்ளை, லாரியை விற்றபிறகு என் இடுப்பில் தொங்குகிற சாவி இது ஒன்றுதான். இதையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா?

சும்மா இருக்கவில்லை. செல்போனுக்குச் செய்கிற மாதிரி வண்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். பட்டனை மலர்விழி முந்தானையில் துடைத்தேன், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், அது பளபளவென்று என்னைப் பார்த்தது. கடைசியில் சேலத்து எலக்ட்ரீசியன் ஜெரால்டை வரச் சொன்னேன். அவன் மிசினைச் சொருகிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பிரேக்க மிதிச்சா குரூஸ் நின்னுரும். உங்க வண்டி எந்நேரமும் பிரேக்க மிதிச்சிருக்கறதாவே நெனச்சுட்டு இருக்குது" என்றான்.

"வண்டி நெனைக்குதா? அப்ப ஊட்ல நெனைக்காத ஆளு நான் ஒருத்தன்தானா?"

"அது நெசந்தானுங்க" என்று உள்ளேயிருந்து உன் அக்கா.

ஜெரால்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே வண்டியின் பின்னால் போனான். அங்கே மயில் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில், என் பழைய வண்டியில் இருந்த மாதிரியே ஒரு லைட் மயில் வைத்தேன். பிரேக் போட்டால் தோகை விரிக்கும். பின்னால் வருகிறவன் பார்க்க வேண்டாமா? பட்டறைக்காரன் அதைப் பிரேக் லைட் ஒயரிலேயே முறுக்கிக் கட்டியிருக்கிறான். அதில்தான் உன் வண்டி குழம்பிப் போயிருக்கிறது. "மயிலு இருந்தா குரூஸ் இல்ல, குரூஸ் வேணும்னா மயிலக் கழட்டணும். எதுன்னு சொல்லுங்கண்ணா" என்றான் ஜெரால்டு.

நான் சொல்லிவிட்டேன் மாப்பிள்ளை, உனக்கும் சொல்கிறேன். மயிலைக் கழற்ற மாட்டேன். குஜராத் வரைக்கும் லோடு ஏற்றிப்போய் வந்த என் வலது கால் இருக்கும்போது உன் பட்டன் எதற்கு? சாவியையும் கொடுக்க மாட்டேன். கைலாசம் வந்து வாசலில் படுத்துப் புரண்டாலும் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. இதில் நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டில் அழைக்க நான்தான் வருவேன், மயிலோடு வருவேன்.

வேளைக்குச் சாப்பிடு சாமி. வெயிலில் நிற்காதே. கரியகாளியம்மன் உன்னையும் ரிக்கையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பணியாத மாமன்
பெரியசாமி

பி.கு.: இனியன் வர நேரமானதால் மயிலைக் கழற்றிப் பார்த்தேன். குரூஸ் வேலை செய்கிறது, சங்ககிரி ரோட்டில் காலை மடக்கி உட்கார்ந்தே போய்வந்தேன். அதை மலர்விழிக்குக் காட்டுவதற்காக வாசலில் இன்ஜினை அணைக்காமல் இறங்கிக் கதவைச் சாத்தினேன். கதவு பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு சாவியை நீ போகும்போதே கைலாசத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பதாக உன் அக்கா இப்போதுதான் சொன்னாள். அவர் ஓமலூரில் பஸ் ஏறிவிட்டார்.