சொல்லிட்டேன்

என் மனைவியை உளவு பார்ப்பது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அதற்கு முன் எனக்கு அப்படி ஒரு தைரியம் வந்ததில்லை. காரணம் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுவதற்கென்றே எங்கள் அலுவலகத்தில் தனியாக ஓர் ஆள் இருக்கிறார்; அவர் பிறகு வருவார். காரணம், வேலை.

நான் சுவிட்ச் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். இதை வெளியில் சொன்னால் உறவினர்கள் கையில் ஒரு ஸ்குரூடிரைவரைக் கொடுத்து, எரியாத பாத்ரூம் லைட் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது வேறு சுவிட்ச். கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் என்று பல சாதனங்கள் ஒன்றோடு ஒன்று பேசும்போது, யார் சொன்னது யாருக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்பிவைக்கிற பெட்டி நான் செய்வது. பேச்செல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போகும்.

இதை என் மனைவியிடம் ஒருமுறை விளக்கியிருக்கிறேன்.

"ஒரே நேரத்துல நிறைய வந்தா?"

"பெட்டி நிரம்பிடும். அப்புறம் வர்ற பாக்கெட் எல்லாம் தொலைஞ்சு போகும்."

"பாக்கெட் தொலைஞ்சா சட்டை மட்டும் போய்ச் சேருமா?"

என் தொழிலைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த மிக நீளமான விவாதம் அதுதான்.

அந்தத் தொலைந்து போகிற பாக்கெட்தான் அப்போது எங்கள் தலைவலி. ஒரு சாதனம் ஏதோ சொல்லும். 'வந்தது' என்று பதில் வராவிட்டால் மறுபடி சொல்லும். அப்புறம் மறுபடி. இப்படிப் பத்து சாதனம் சேர்ந்து நச்சரித்தால், எங்கள் புதுப் பெட்டி திணறி எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு நிற்கும். பத்து நாளில் வழி கண்டுபிடிப்பவர் பெயரிலேயே அந்தக் கண்டுபிடிப்பு பதிவாகும் என்றார் மேலாளர். பதினெட்டு வருட உத்தியோகத்தில் என் பெயர் பதிவாகியிருந்த ஒரே இடம் வருகைப் பதிவேடு. விடக் கூடாது என்று நினைத்தேன். வழி மட்டும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தெரிந்தது.

ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு கட்டடம். மூன்றாவது மாடியில் என் அக்கா. நேர் மேலே நாலாவது மாடியில் என் மாமியார். மாமியார் காயப்போடும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டி அக்காவின் காய்ந்த துணியை நனைக்கும். இரண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. நடுவில் ஒரு மாடிப்படிதான். ஆனால் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துதான் போக வேண்டும்.

எட்டு மணிக்கு அக்கா போன். என் மனைவி எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா. ஆமாம். பிழியாமப் போட்டா சொட்டத்தான் செய்யும். அறிவு வேணாமான்னு கேக்கணுமா? சரிக்கா."

வைத்தாள். தக்காளி நறுக்கினாள். ஒரு நிமிடத்தில் மறுபடி அக்கா.

"சொல்லிட்டேன்கா."

நான் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் நச்சரிப்பு நின்றுவிட்டது. எட்டு ஐந்துக்கு மாமியாரே கூப்பிட்டார்.

"அம்மா, காபி குடிச்சியா? அக்கா உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. ஈரத் துணி கனமா இருக்குமாம், மெஷின்லயே நல்லாப் பிழிஞ்சு எடுத்துக்கிட்டா உனக்குச் சிரமம் குறையுமாம். ஆமாம்மா, பாசம்தான்."

நுரை சட்டையில் வழிந்தது. நான் கவனிக்கவில்லை. அனுப்பியவருக்கு முதலிலேயே 'சொல்லிட்டேன்'. சூடு ஆறும்வரை கையில் பிடித்து வைத்திருப்பது. மூன்று புகாரை ஒன்றாகச் சேர்ப்பது. அந்தப் பக்கம் காதுகொடுக்கத் தயாரானதும் அனுப்புவது. எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் ஏழு பேர் ஏழு மாதமாகத் தேடியது, எங்கள் சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தது.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பழைய மோடம் டப்பாவில் ஒளித்து வைத்தேன். அவள் போன் எடுத்தால் நான் செய்தித்தாளை எடுப்பேன், அதற்குள்ளே நோட்டு. இரண்டாம் நாள் அவள், "கை வலிக்குது" என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேச ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் நாற்காலியை என் மேஜைப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். நாலாம் நாள் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவே பேசினாள். என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அவள் முறையைப் பெட்டிக்குள் ஏற்றி ஓடவிட்டோம். நாற்பது சாதனம் ஒரே நேரத்தில் கத்தியது. பெட்டி அசையவில்லை. மேலாளர் என் தோளில் கை வைத்தார். அப்போதுதான் சந்தேகம் மேடம் தொண்டையைச் செருமினார்.

அவர் எங்கள் பரிசோதனைப் பிரிவின் தலைவி. எதையும் 'ஒரு சின்ன சந்தேகம்' என்றுதான் தொடங்குவார். அந்தச் சின்ன சந்தேகத்தில் இதுவரை நான்கு பெட்டிகள் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன.

"ஒரு சின்ன சந்தேகம் சார். உங்க பெட்டி முன்னாடியே 'சொல்லிட்டேன்'னு சொல்லிடுது. அனுப்பினவன் அதை நம்பித் தன்கிட்ட இருக்கிறதை அழிச்சிடுவான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வாங்கிக்கவே இல்லைன்னா, அந்தப் பாக்கெட் எங்கே?"

"அது... பெட்டியிலதான்..."

"எவ்வளவு நாள் வெச்சிருக்கும்? தூக்கிப் போட்டுடுமா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்போ உங்க பெட்டி பொய் சொல்லுது சார்" என்றார், வருத்தமாகவே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அந்தப் பக்கம் ஏற்கவே ஏற்காத ஒரு செய்தியை என் மனைவி என்ன செய்கிறாள்? நேரே கேட்டால் உளவு வெளியில் வந்துவிடும். அவளிடம் அப்படி ஒரு செய்தியைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கொடுப்பதற்கு என்னிடம் இருந்தது. எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்.

அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன் அவர் வீட்டு வாசலில், போனில் தட்டினால் திறக்கும் பூட்டு ஒன்றை ஆசையாக மாட்டிக் கொடுத்தேன். நானே செய்தது. மறுநாள் மழை. தொடர்பு அறுந்து பூட்டு திறக்கவில்லை. இரண்டு மணி நேரம், கையில் காய்கறிப் பையோடு, தன் வீட்டு வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். நான் போனதும், "நீ செய்யறதும் உன்னை மாதிரியேடா. வேணுங்கிறப்ப வேலை செய்யாது" என்றார். தெருவே கேட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. எதுவானாலும் என் மனைவி வழியாகத்தான்.

அன்று மாலை டீ கொடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"உங்க அண்ணனுக்குப் புதன்கிழமை கண் ஆபரேஷன். அண்ணி, மகளோட பிரசவத்துக்குப் போயிருக்காங்க. தனியாத்தான் இருக்கார்."

சோதனைக்கு இதைவிட நல்ல நேரம் வராது. மனசை இரும்பாக்கிக்கொண்டேன்.

"கண் தெளிஞ்சதும் முதல் வேலையா கண்ணாடியில தன்னையே ஒரு தடவை பாத்துக்கச் சொல்லு. எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியட்டும்."

அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே."

ஒரு மணி நேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே, "சொல்லிட்டேன்" என்றாள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சோதனைக்காகத்தான் சொன்னேன். ஆனாலும் அது எங்கேயோ எனக்குள் ஆறு வருடமாக இருந்த வாக்கியம். போய்ச் சேர்ந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணன். கையில் ஒரு துணிப்பை. தலை முழுக்க நரைத்திருந்தது. என் முகத்தை நேரே பார்க்க முடியாமல், கொஞ்சம் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து என்னைத் தேடினார்.

"கண் தெளிஞ்சதும் முதல்ல உன்னைத்தான் பாக்கணும்னு சொன்னியாமே" என்றார். "போன்ல அவ சொன்னப்ப எனக்குப் பேச்சே வரலைடா."

கதவை அகலத் திறந்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு பைக்குள் கையை விட்டு, ஒரு நீலக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பூட்டுக்குப் பதிலா இதைக் குடுத்தனுப்பினியே, அன்னைக்கே என் கோபம் போயிடுச்சு. நான்தான் வீம்புக்கு இருந்துட்டேன்."

"குடையா? நான் எங்கே... நீங்கதானே எனக்குப் போர்வை குடுத்தனுப்பினீங்க? காய்ச்சல்ல கிடந்தப்ப?"

"போர்வையா?"

உள்ளே போய்ப் போர்வையை எடுத்துவந்தேன். குடையின் கைப்பிடியில் இருந்த கடை முத்திரையும், போர்வையின் ஓரத்தில் இருந்த கடை முத்திரையும் ஒன்றே. என் மனைவி வழக்கமாகப் போகும் கடை. 'தம்பி சாப்பிட்டானா' என்று அவர் வாரா வாரம் கேட்டதாக அவள் சொல்வாளே, அவர் கேட்டதில்லை. 'அண்ணன் முதுகுவலிக்கு டாக்டரைப் பாத்தாரா' என்று நானும் கேட்டதில்லை. நாங்கள் உண்மையில் சொல்லி அனுப்பியதைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அண்ணன் மட்டும் மெதுவாக, "நான் சொன்னது ஏதாவது உனக்கு வந்துதாடா?" என்று கேட்டார்.

"நல்லதா மட்டும்தான் வந்துது."

"நல்லவேளை" என்றார். அவர் சொல்லி அனுப்பியதன் தரம் எனக்குப் புரிந்தது.

சமையலறைக்குப் போனேன்.

"நான் சொன்னேனே, அது என்ன ஆச்சு?"

"எது?"

"கண்ணாடி விஷயம்."

"அதுவா" என்றாள். "டீ ஆறுது, அவருக்குக் கொண்டுபோய்க் குடுங்க."

அவ்வளவுதான். தூக்கிப் போட்டுவிட்டாள். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

புதன்கிழமை மேலாளரிடம் விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முப்பது வருடம் பஸ் ஓட்டிய கை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "கதவு திறக்குமில்ல?" என்று ஆபரேஷன் அறையைக் காட்டிக் கேட்டார். "இது நான் செஞ்சது இல்லைண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

வராந்தாவில் என் மனைவி போனில் இருந்தாள். அக்காவும் மாமியாரும் ஒரே நேரத்தில் பார்க்க வரத் துடித்தார்கள். ஒருவரை டாக்டர் பதினொரு மணிக்கும், மற்றவரை நாலு மணிக்கும் வரச் சொன்னதாகச் சொன்னாள். டாக்டர் அப்போது உள்ளே கண் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். இருபத்து நான்கு வருடமாக இந்தக் குடும்பம் சண்டையில்லாமல் நடப்பது என் சாமர்த்தியம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு கையால் போனையும், இன்னொரு கையால் அண்ணன் துணிப்பையையும் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டேன்.

மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். அண்ணன் கண்ணைச் சிமிட்டி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் முடியெல்லாம் எங்கேடா?"

அன்று ஒரு முடிவு செய்தேன். கண்டுபிடிப்பு விண்ணப்பத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரைத்தான் எழுத வேண்டும். என் பெயர் கீழே வந்தால் போதும். ஆனால் அவளிடம் சொன்னால் உளவு பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பத்தியில் பிரச்சினையை எழுதினேன். இரண்டாவதில் அவள் முறை. மூன்றாவதில், சந்தேகம் மேடத்துக்குப் பதிலாக, 'அந்தப் பக்கம் ஏற்காத செய்தியைப் பெட்டி அழித்துவிடும்' என்று துணிந்து எழுதினேன். கண்ணால் கண்டதாயிற்றே. கையெழுத்துக்கு நேரம் பார்க்கும்வரை அதையும் மோடம் டப்பாவிலேயே ஒளித்து வைத்தேன்.

கையெழுத்து வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதம், காப்பீட்டுக் காகிதம் எல்லாவற்றுக்கும் நடுவில் விண்ணப்பத்தைச் செருகி நீட்டினேன். அவள் தோளில் போனை இடுக்கிக்கொண்டு அக்காவோடு பேசியபடியே பேனாவை வாங்கினாள்.

"எங்கே?"

"இங்கே. அப்புறம் இங்கே. இதிலயும் ஒண்ணு."

சரசரவென்று எழுதி, அடுக்கிக் கொடுத்துவிட்டாள். காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவளை ஏமாற்றிவிட்டேன், அதுவும் நல்ல காரியத்துக்காக. அந்தப் பெருமையில் நானும் பார்க்காமலே பையில் வைத்தேன்.

காலையில் கூட்டம். மேலாளர் விண்ணப்பத்தைப் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு உரக்கவே வாசித்தார்:

"'நோட்டுல எழுதினது எல்லாம் சரியா இருந்துது. இதுல மூணாவது பத்தி தப்பு. நான் எதையும் அழிச்சதில்லை. இவர் சொன்னது, இவங்க அண்ணன் சொன்னது, ஆறு வருஷத்துது எல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். யாராவது கேட்டா எடுத்துக் காட்டலாம். திருத்தினதுக்கு அப்புறம் கையெழுத்துப் போடறேன்.'"

சந்தேகம் மேடம் அந்தத் தாளை வாங்கி, இரண்டு முறை படித்து, முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை" என்றார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அவங்களை ஒரு தடவை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. பெட்டியைப் பத்தி நிறையப் பேசணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வேணும்னா லீவு எடுத்துக்கோங்க."