படத்தில் பருத்த புத்தகம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். என் புத்தகமும் நலம், சற்று மெலிவு. அங்கு தாங்கள், அக்கா, அக்காவின் முழங்கால் ஆகிய மூவரின் நலத்தையும் அறிய ஆவல்.

தையல் கடையை மூடிவிட்டு நான் எழுத்தாளனாகிவிட்ட செய்தி அக்கா மூலம் தங்களுக்கு எட்டியிருக்கும். முப்பத்தெட்டு வருடம் அளவெடுத்த மனிதர்களைப் பற்றிக் ‘கழுத்து முதல் கணுக்கால் வரை’ என்று எழுதி, நானே அச்சடித்து வெளியிட்டிருக்கிறேன். மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். எழுதும்போது ஆயிரம் பக்கம் வரும் போலத்தான் இருந்தது, அச்சில் சுருங்கிவிட்டது. புதுத் துணியை நனைக்காமல் வெட்டினால் இப்படித்தான் ஆகும்.

புத்தகம் வந்தால் மட்டும் போதாது, படம் போட்டு விளம்பரம் செய்தால்தான் நாலு பேருக்குத் தெரியும் என்று மகள் சொன்னாள். அட்டையை மட்டும் கொடுத்தால் போதுமாம், ஒரு செயலி அதைப் புத்தகம் போலவே ஆக்கி, மேஜைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பையும் மூக்குக்கண்ணாடியும் வைத்துக் கொடுத்துவிடுமாம். அவள் வேலைக்குப் போன பிறகு நானே உட்கார்ந்து செய்தேன். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பல புத்தக உருவங்கள் இருந்தன. ஒல்லியில் வைத்துப் பார்த்தேன், மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் கையேடு மாதிரி இருந்தது. பருமனில் வைத்தேன், அத்தான், என்ன கம்பீரம் தெரியுமா? புத்தகத்தின் முதுகில் என் பெயர் அகலமாக உட்கார்ந்திருந்தது. கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்குச் சட்டை போட்டால், தொளதொளவென்று இருக்கிற இடத்தை முதுகுப்பக்கம் இழுத்துக் குண்டூசி குத்தித்தானே நிறுத்துவோம்? அதை யாராவது ஏமாற்று வேலை என்பார்களா? அந்தத் தொழில் தர்மப்படிதான் பருமனைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படத்தைப் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

இருபத்து மூன்று பேர் கேட்டார்கள், கொடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து புத்தகம் திரும்பி வர ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா வாசலிலேயே நின்று, “இதை வைக்கிறதுக்காக அலமாரியில நாலு புத்தகத்தை எடுத்து இடம் பண்ணினேன். இப்ப அந்தச் சந்துல என் கையே நுழையுது” என்றார். கோர்ட் குமாஸ்தா, “அண்ணே, சாம்பிள் நல்லாயிருக்கு, முழுப் புத்தகம் எப்ப வரும்?” என்றார். ஒன்பது புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது அத்தான். முப்பத்தெட்டு வருடத்தில் நான் தைத்த ஒரு சட்டையைக்கூட யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. கடையை மூடி எழுதப் போனவனுக்கு இதுவா நடக்க வேண்டும்? இதில் தோற்றால் நான் தையல்காரனும் இல்லை, எழுத்தாளனும் இல்லை. அப்புறம் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? மனைவியிடம் சொன்னால், “பொம்மைன்னா முதுகுல ஊசி குத்தலாம். புத்தகத்துக்கு எங்க குத்துவீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வெங்காயம் நறுக்குகிறாள்.

ஆனால் நான் அசரவில்லை. அச்சகத்துக்குப் போய், கோட்டு விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைப்பதுபோல இதற்குள்ளும் ஏதாவது வைத்துக் கனம் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். அச்சகக்காரர் நிதானமாகப் புத்தகத்தைப் புரட்டி, “வெள்ளைத் தாள் வைக்கலாம் அண்ணே. எழுதினது கொஞ்சம், எழுதாதது நிறையன்னு ஆகிடும். நோட்டுன்னு சொல்லித்தான் விக்கணும்” என்றார். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. படம் பெரிதாகிவிட்டது என்றால் படத்தை ஏன் சிறிதாக்க வேண்டும்? புத்தகத்தைப் பெரிதாக்கினால் போயிற்று. ஐந்தே வாரத்தில் இன்னும் முந்நூற்று நாற்பது பக்கம் எழுதி முடித்துவிட்டேன். பொத்தான் துளை பற்றி மட்டும் நாற்பத்தோரு பக்கம் வந்திருக்கிறது. அவ்வளவு விஷயம் அதில் இருக்கிறது என்று எனக்கே எழுதும்போதுதான் தெரிந்தது. படத்தின்மேல் அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிட்டேன், அட்டையோடு சேர்த்தால் கச்சிதமாக இருக்கும். கைப்பிரதியைக் கட்டி நேற்றே தனித் தபாலில் அனுப்பிவிட்டேன். தாங்கள் ஒரு வரி விடாமல் படித்து, நல்லதாக ஒரு முன்னுரை எழுதித் தர வேண்டும். மனைவி நான்காம் பக்கத்தில் ‘அடுப்பில் பால்’ என்று எழுந்து போனவள், பதினோரு நாளாகத் திரும்பவில்லை. மகளுக்கு அலுவலகத்தில் வேலை அதிகம். வெற்றி நிச்சயம் அத்தான், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு ஆசிகளையும், முழங்காலுக்கு இதமான தைலத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
எழுத்தாளன்

பின்குறிப்பு: கட்டைப் பிரிக்க வேண்டாம் அத்தான், அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் மகள் வந்து, “அப்பா, உள்ளது உள்ளபடி ஒரு படம் போட்டுப் பாப்போம்” என்று என்னை ஜன்னல் ஓரம் நிறுத்தி, என் சட்டைப் பையில் புத்தகத்தைச் செருகிப் படம் எடுத்து, தன் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அட்டை பாதி வெளியே தெரிய, அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் பதினாறு பேர் பதில் போட்டுவிட்டார்கள். பதினாறு பேரும் கேட்டது ஒன்றுதான்: அந்தச் சட்டை எங்கே தைத்தது? புத்தகத்தைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். பிறகு பதினாறு பேருக்கும் அளவு கொடுக்க வரச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு சட்டையின் பையிலும் ஒரு புத்தகத்தை வைத்து, பையின் வாயைத் தைத்துத்தான் கொடுக்கப் போகிறேன். வேண்டாம் என்கிறவரும் பிரித்து எடுத்துத்தான் ஆக வேண்டும். படிக்காவிட்டாலும் போகட்டும், பிரிக்கிறவரைக்கும் நெஞ்சோடு கிடக்கட்டும்.