சம்பந்தி புத்தகமா, மாப்பிள்ளை புத்தகமா?

இலுப்பூர்

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை வெற்றிசெல்வன் அவர்களுக்கு, மாமனார் அய்யாக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை சொர்ணவல்லியும் சௌக்கியம். ஓசூரில் நீங்களும் மாசமாக இருக்கும் எங்கள் மகள் தேவிப்ரியாவும் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறோம். அவளை அடிக்கடி மாடிப்படி ஏற விடாதீர்கள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வரி சொன்னால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று மூன்று வரி திருத்துகிறாள். அதனால் கடிதம். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா வளைகாப்புக்குச் சம்மதித்து, வருகிற வளர்பிறையில் தேதியும் குறித்துவிட்டார். அப்பாடா! இந்த அப்பாடாவுக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எங்கள் வாசகர் வட்டம் ரைஸ்மில் மாடியில் கூடுவது உங்களுக்குத் தெரியும். நான் தலைவர், உங்கள் அத்தையும் உறுப்பினர். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கும் அருள்மணி செயலாளர். உங்கள் அப்பா, அதாவது என் சம்பந்தி ராக்கன், வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தாவது கூட்டத்துக்கு ஆஜராகும் மூத்த உறுப்பினர். போன வருஷம் சரித்திர நாவல்களாகப் படித்தோம். எந்த ராஜா எந்த ஊருக்குச் சொந்தம் என்று ஆரம்பித்து, யார் தாத்தா யாருக்குக் குடை பிடித்தார் என்பதுவரை போய், நாற்காலி ஒன்று உடைந்தது. அதனால் அருள்மணி இந்த வருஷம் ஒரு யோசனை சொன்னார். "பழைய காலத்து சயின்ஸ் நாவலா ஒண்ணு எடுப்போம் சார். செவ்வாய் கிரகத்துல நம்மாளு யாருக்கும் பங்காளி கிடையாது. சண்டைக்கு வழியே இல்ல." எல்லோரும் கை தட்டினோம். புத்தியைப் பாருங்கள்.

ஆளுக்கொரு புத்தகம் வந்தது. ஒன்றில் இரண்டாயிரமாம் ஆண்டு மனிதர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மாத்திரை விழுங்கினார்கள். "கல்யாணத்துல பந்தியே கிடையாதா? மாத்திரையப் போட்டுட்டுக் கை கழுவப் போவாங்களாக்கும்? இதெல்லாம் ஒரு கதையா?" என்று உங்கள் அத்தை அதைத் தள்ளிவிட்டாள். இன்னொன்றில் தொலைதூர எதிர்காலம் என்று போட்டு 1997 என்றிருந்தது. வானத்தில் கார் பறக்கிறது. அந்த 1997இல் நான் புதுக்கோட்டை பஸ்ஸுக்காக மழையில் நனைந்துகொண்டு நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முடிந்துபோன வருஷத்தைப் பற்றிய கதை என்பதால் இதுவும் சரித்திர நாவல்தான் என்று அதைக் கழித்துவிட்டார்கள். மூன்றாவதில் கம்ப்யூட்டர் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்குவது யார் என்று கதையில் எங்கேயும் சொல்லவில்லை.

அப்போதுதான் உங்களிடம் யோசனை கேட்டேன். நீங்களும் பெரிய மனதோடு பழைய புத்தகக் கடையில் தேடி 'ஏழாவது பயணி'யைக் கூரியரில் அனுப்பினீர்கள். "எழுபதுகள்ல வந்தது மாமா, தைரியமா வைங்க" என்றீர்கள். வைத்தேன். அதே கூட்டத்தில் உங்கள் அப்பா துண்டில் சுற்றியிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். உங்களைச் சின்ன வயதில் தொடக்கூட விடாமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தாரே, அந்த பைண்டு புத்தகம். வாலிபத்தில் அவர் வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை. முதல் சில வாரங்கள் கிடைக்கவில்லை. மீதி வாரங்களில் ராக்கெட் படத்துக்காக உங்கள் சித்தப்பா, அப்போது பொடியன், தலைப்போடு சேர்த்துக் கத்தரித்து எடுத்துவிட்டார். பைண்டு செய்தவர் அட்டையின் முதுகில் என்ன போடுவதென்று தெரியாமல் 'ராக்கன், வல்லத்திராக்கோட்டை' என்று தங்க எழுத்தில் பொறித்துக் கொடுத்துவிட்டார். வட்டத்தில் பாதிப் பேர் கதையை எழுதியதே சம்பந்திதான் என்று நினைத்து எழுந்து வணக்கம் வைத்தார்கள். அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மொய் வாங்கினவன் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. போன வருஷம் சம்பந்தி யாருக்கெல்லாம் கை தூக்கினாரோ அவர்களெல்லாம் இப்போது அவருக்குத் தூக்கினார்கள். நான் யாருக்குத் தூக்கினேனோ அவர்கள் எனக்குத் தூக்கினார்கள். புத்தகத்தை யாரும் புரட்டவில்லை. எதிர்க்கட்சிப் புத்தகத்தைத் தொட்டால் ஆள் மாறிவிட்டான் என்று பேச்சு வருமே! கடைசியில் சரிபாதி. சரிபாதி வந்தால் தலைவர் ஓட்டுதான் தீர்ப்பு என்று அருள்மணி விதியைச் சொன்னார். சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "போடுங்க சம்பந்தி. பெத்த புள்ளையே எனக்கு எதிரா மாமனாருக்குப் பொஸ்தகம் அனுப்புறான். நீங்க எங்கிட்டுப் போடுறீங்கன்னு பாத்துட்டு வளைகாப்புக்குத் தேதி குறிப்போம்."

அந்தப் பக்கம் போட்டால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை. இந்தப் பக்கம் போட்டால் மகளுக்கு வளைகாப்பு இல்லை. தலைவருக்கு வயிற்றுவலி என்று கூட்டத்தை ஒத்திவைத்தேன். அடுத்த கூட்டத்துக்கும் வயிற்றுவலி. அதற்கடுத்த கூட்டத்துக்கு அருள்மணி வீட்டுக்கே வந்து ஓம வாட்டர் கொடுத்து என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். இங்கே உங்கள் அத்தையானால், "எம்புள்ளைக்கு வளையல் போடுறதுக்குக் குறுக்க ராக்கெட்டு நிக்குதே, நீங்கள்லாம் வெளங்குவீங்களா?" என்று ஒரு மாதமாக எனக்கு உப்பில்லாத குழம்பு ஊற்றினாள்.

கடைசியாக, இரண்டு புத்தகத்திலிருந்தும் ஆளுக்கொரு பக்கம் வாசிக்கட்டும், அதைக் கேட்டுத் தலைவர் முடிவு சொல்லட்டும் என்றார் அருள்மணி. சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். செவ்வாய் கிரகத்தில் தரையைத் துளைத்துத் தண்ணீர் தேடும் கட்டம். ஊரெல்லாம் போர்வெல் போட்டவர் இல்லையா, ஒரு கையால் துளை போட்டுக் காட்டிக்கொண்டே வாசித்தார். "துளைக்கருவி திடீரென்று நின்றது. சுகந்தி மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து..." அங்கே தாள் கிழிந்திருந்தது. திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம். சம்பந்தி திணறினார். உங்கள் புத்தகத்தில் எதை வாசிப்பதென்று முன் பெஞ்சில் புரட்டிக்கொண்டிருந்த உங்கள் அத்தை, சுகந்தி என்ற பேர் கண்ணில் பட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு, "யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது" என்றாள்.

"அண்ணே, இங்கிட்டும் அதேதாண்ணே இருக்கு!" என்று அவள் எழுந்து நின்றாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே கதை! புத்தகமாகப் போடும்போது தலைப்பை மாற்றியிருக்கிறார்கள். ஒரு மாதமாக ஒரே புத்தகத்துக்கு எதிராக ஒரே புத்தகத்தை நிறுத்தி அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் சிரிக்கவா அழவா என்று நின்றேன். சம்பந்தியோ உங்கள் புத்தகத்தை வாங்கி முதல் பக்கங்களைத் தடவிப் பார்த்தார். "இவங்க எப்படிக் கெளம்பிப் போனாங்கன்னே எனக்குத் தெரியாது சம்பந்தி. அந்த மொதல் வாரமெல்லாம் கிடைக்காமலே போச்சு. எம்மகன் அனுப்பிட்டான் பாருங்க" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அங்கேயே காலண்டரைக் கேட்டு வாங்கித் தேதி குறித்தார். அன்றைக்கு இரவுதான் எனக்கு உப்புப் போட்ட குழம்பு கிடைத்தது.

ஆகவே மாப்பிள்ளை, லீவு சொல்லிவிட்டு இருவரும் நல்லபடியாக வந்து சேருங்கள். மகராசனாக, பிள்ளை குட்டியோடு, குறையொன்றும் இல்லாமல் நீங்கள் நீடு வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அப்பா வந்துவிட்டார். உங்கள் புத்தகத்தைக் கடைசிவரை படித்துவிட்டாராம். தொடர்கதையின் கடைசி வாரத்தில் செவ்வாயில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. புத்தகமாகப் போடும்போது எழுதியவர் முடிவையும் மாற்றிவிட்டார் போலிருக்கிறது; உங்களுடையதில் வெறும் புழுதி. "எம் பொஸ்தகத்துல தண்ணி வந்துருச்சு, அவன் பொஸ்தகத்துல புழுதி பறக்குது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? எடுங்க ஓட்ட! தேதிய அப்புறம் பாப்போம்" என்று தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். காபி கூட வேண்டாமாம். மாப்பிள்ளை, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே அப்பாவுக்கு ஒரு போனப் போட்டு, செவ்வாய்ல தண்ணி வந்துச்சுதான்ப்பான்னு ஒத்த வார்த்தை சொல்லிருங்க.