தையல்காரர் போட்ட கோடு

"இங்கதாம்மா பிடிக்குது." தையல்காரர் செயற்கைக் காலின் முன்பக்கம், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே சாக்பீஸால் கோடு போட்டார். "கால் இன்ச் விட்டுக் கொடுத்தா சரியாயிடும்."

எனக்கே அளவு சொல்கிறாரே என்று அந்தக் காலைச் செய்த பயிற்சி டெக்னீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. தனியாகச் செய்த முதல் கால் இது. நாலு மணிக்குத் தலைமை டெக்னீஷியன் வருவார். அவர் முன்னால் இந்த மனிதர் வலியில்லாமல் பத்தடி நடந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

செயற்கைக் காலைக் கழற்றி, வெட்டியது போக மிச்சமிருந்த கால் உட்காரும் சாக்கெட்டுக்குள் கோட்டுக்கு நேராக அரத்தால் ராவினாள். எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தம் விழக் கூடாது, பாடத்தில் அப்படித்தான். மாட்டி நடக்கவிட்டாள்.

"இப்போ?"

"முன்னைக்கு இப்ப ஜாஸ்தி."

மிச்சக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்புத் தடம் எதுவுமில்லை.

"சிவக்காம எப்படிங்க வலிக்கும்?"

"வலிக்கு ஏதும்மா கலரு?"

பக்கவாட்டில் இன்னொரு கோடு. அங்கேயும் ராவினாள். சாக்கெட் லூசாகி, எட்டு வைக்கும்போதெல்லாம் மிச்சக் கால் பொதக்கென்று உள்ளே இறங்கியது. துணி உறை இரண்டு கூடுதலாக மாட்டினாள். இப்போது உள்ளேயே போக மறுத்தது. ஒன்றைக் கழற்றினாள். மறுபடி பொதக். மனிதர் பயந்துபோய் நல்ல காலிலேயே நொண்டியடித்தார்.

"இந்தக் கால்லயும் பாரம் போடுங்க சார். யானையே நிக்கும்."

"யானை நின்னு பாத்துச்சா?"

மூலை நாற்காலியில் அவர் மனைவி டிவி பார்ப்பது போல இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது கோட்டை ராவும்போது தலைமை டெக்னீஷியன் வந்து சாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கால் செய்யச் சொன்னா பூந்தொட்டி செஞ்சிருக்கியே."

"அவர் காட்டின இடத்துலதான் சார் ராவினேன். வலி குறையவே மாட்டேங்குது."

அவர் அவளுடைய மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். மூலை நாற்காலி கிறீச்சிட்டது.

"புதுக் கால் காலையில கச்சிதமாத்தாங்க இருந்துச்சு," என்றாள் தையல்காரரின் மனைவி. "வலிக்கிறது அவரோட நல்ல காலு. கடையில யாருக்குச் சட்டை எங்க பிடிக்குதுன்னாலும் பொம்மை மேலதான் கோடு போட்டுக் காட்டுவாரு."