பலகைக்கு ஊர் கேட்ட ஆசாரி

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், பலகையிடம் ஊர் விசாரித்த தச்சர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ‘விலாசம் ஆசாரி’ என்றால் அந்த நாளில் நாய்கூட வழி காட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். பிளைவுட் எங்கள் பக்கத்துக்குப் புதுசு. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. வீடோ ஒற்றை அறை. அதில் அப்பா, அம்மா, தம்பி, ஓர் ஆட்டுக்குட்டி. நடுவில் தடுப்பு வைக்காவிட்டால் வருகிறவள் எங்கே சேலை மாற்றுவாள்? ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்; கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு.

தடுப்புக்குப் பிளைவுட் வாங்கப் போன காரிமங்கலத்துக் கடையில் ஆசாரி பலகைமேல் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"இது எந்தக் காட்டு மரங்க?"

"கேரளா," என்றார் கடைக்காரர்.

"கேரளாவுல எங்க?"

"யோவ், பொண்ணு பாக்கவா வந்த? பலகைய்யா!"

"பொண்ணு வர்ற வூட்டுக்குத்தானுங்க போவுது. ஊரு தெரியாத மரத்த எப்புடி உள்ள வுடறது?" என்னிடம் திரும்பினார். "மரத்தச் சுத்திச் சுத்தி உரிச்சு, ஏடு ஏடா ஒட்டியிருக்கானுங்க. பாவம், தலை சுத்திக் கெடக்குது. கொஞ்சம் படுக்கட்டும்."

பலகை வீட்டுக்குள் படுத்தது. நாங்கள் வாசலில் படுத்தோம்.

விடிந்து பார்த்தால் ஆசாரியைக் காணோம். கடைக்குப் பலகை இறக்கிவிட்டுத் திரும்பிப் போன காலி லாரியில் ஏறிக் கேரளாவுக்கே போய்விட்டாராம். மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள்.

"மரத்துக்கு ஞானஸ்நானச் சீட்டு வாங்கப் போயிருக்கான்டா உன் ஆசாரி!" என்றாள் அம்மா.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து நின்றார். சட்டையில் மழை வாசனை.

"பாத்துட்டேங்க. ஆன நின்னாக்கூடத் தெரியாத காடாம். இப்ப கோழி நடந்தாலும் தெரியுது. வெட்டுறானுங்க, ஒரு கன்னு நடலீங்க."

"அப்ப... தடுப்பு?"

"வெட்டுனத வீணாக்கக் கூடாதுங்க. பாதி போதும்."

இடுப்பு உயரத்துக்குப் பிளைவுட். அதற்கு மேலே வத்தல்மலை மூங்கில் தட்டி. "மூங்கிலு வெட்ட வெட்டத் தழைக்குமுங்க."

"மிச்சப் பலகை?"

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு. பத்திரமா வைங்க."

தம்பிக்கு அப்போது வயது பத்து.

மறுநாள் வந்தவள் தட்டி வழியாகத் தண்ணீர்போல் இறங்கிய வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையின் வரிகள் அதில் அலையலையாக அசைந்தன. காதை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உள்ள மழ பெய்யுதுங்க."

மிச்சப் பாதி, சொன்னபடியே தம்பி வீட்டுத் தடுப்பானது. ஆசாரி இப்போது இல்லை. காற்றடிக்கிற மத்தியானங்களில் தட்டி லேசாக ஆடும். யாரோ ஊர் விசாரிப்பதுபோல் இருக்கும். நான் பலகையில் காதை வைத்து மெல்லச் சொல்வேன்: "இங்கதான் இருக்கோம், உள்ள வாங்க ஆசாரி."