நானே பின்னிடறேன்

கடைக்குள் நுழைகிறது. அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுக்கிறது. முன்னும் பின்னும் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "இதைப் போய் யாராவது வாங்குவாங்களா? நானே பண்ணிடுவேன்" என்கிறது. வாசகர்களே, நாம் இன்று பார்க்கப்போகும் ஜீவன் இதுதான்.

இதற்குக் கொம்போ வாலோ கிடையாது. மனிதர்களோடு மனிதராகக் கலந்து வாழும், வேளாவேளைக்குச் சாப்பிடும், பேருந்தில் வரிசையில் நிற்கும். அடையாளம் காண வேண்டுமானால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சுவரில் சாய்த்தால் மட்டும் நிற்கிற புத்தக அலமாரி, ஜன்னலுக்கு ஒரு சாண் குறைவான திரைச்சீலை, எவ்வளவு தேய்த்தாலும் நுரைப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்ட சோப்பு, இவையெல்லாம் கண்ணில் பட்டால் சரியான விலாசத்துக்கு வந்துவிட்டீர்கள். எடுத்த வேலையை முடிக்காத ஆட்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடித்துவிடுவார்கள். அதுதான் தொல்லை.

என் அக்காவின் கணவர் இந்த இனத்தில் உயர்ரகம். நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மாமா தேய்த்த லென்ஸ் சட்டத்துக்குள் உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மயிரிழை கூடாது, மயிரிழை குறையாது. ஒரு வேலையில் கைதேர்ந்துவிட்டால் மற்ற வேலைகளெல்லாம் அந்தக் கைக்குப் பயந்து தாமாக வந்து வரிசையில் நிற்கும் என்று அவருக்கு யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு மூன்று வாரம் இருந்தது. ஹாஸ்டலுக்குப் போன மகள் முதல் தடவையாக வீட்டுக்கு வரப்போகிறாள். வாசலில் ஏதாவது அழகாகத் தொங்கட்டுமே என்று அக்கா ஆசைப்பட்டாள். மூவரும் கடைக்குப் போனோம். சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூலில் பின்னிய நட்சத்திரத் தோரணம் ஒன்றை அக்கா ஆசையாக எடுத்தாள். மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மெஷின்ல பின்னினது. உயிரே இல்ல."

"சார், இது குரோஷா. இதுக்கு மெஷினே கிடையாது. எல்லாம் கையால பின்னினதுதான்," என்றார் கடைக்காரர்.

"அதைத்தான் சொல்றேன். கை சரியில்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"இருபத்தி நாலு நட்சத்திரம். என்ன பெரிய வித்தை? நானே பின்னிடறேன்."

இந்த இனத்தின் முதல் சடங்கு கருவி சேகரிப்பது. குரோஷாவுக்கு வேண்டியது முனையில் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசி. மாமா ஏழு வாங்கினார். நூல் உருண்டைகளுக்கு ஒரு கூடை, கழுத்தை வளைக்கிற ஒரு மேசைவிளக்கு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கத்தரிக்கோல். நட்சத்திரத்தின் குறுக்களவு பார்க்க, கடையிலிருந்து லென்ஸ் அளக்கும் கருவியும் வந்து சேர்ந்தது. இரண்டாவது சடங்கு அறிவிப்பு. கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தவர்களெல்லாம் சங்கிலிப் பின்னலுக்கும் தூண் பின்னலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போனார்கள். இப்படியே ஒரு வாரம் ஓடியது. நட்சத்திரம்? அதற்கென்ன அவசரம்!

எட்டாம் நாள் முதல் நட்சத்திரம் பிறந்தது. மேசையில் வைத்ததும் ஓரமெல்லாம் மேலே எழும்பிச் சுருண்டுகொண்டது.

"என்ன மாமா, கிண்ணமா?"

"மணி," என்றார், இமைக்காமல். "நட்சத்திரத்துக்கு நடுவுல மணியும் வேணும்ல?"

இரண்டாவதற்கு ஏழு மூலை. மூன்றாவது, மல்லாந்து விழுந்த நண்டு. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு நர்ஸம்மா, தவறி அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்ட எங்கள் தபாலைக் கொடுக்க வந்தார். மேசையை ஒரு பார்வை பார்த்தார்.

"சுத்துக்கு சுத்து பின்னலைக் கூட்டணும் சார். நீங்க கூட்டாமப் போறீங்க. அதான் சுருட்டிக்குது."

மாமா பெருந்தன்மையாகச் சிரித்தார். "அது பழைய முறைம்மா."

கதவு மூடிக்கொண்டது. செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்தது. மாமா என் பக்கம் குனிந்து கேட்டார்: "எத்தனை கூட்டணும்னு சொன்னாங்க?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியவில்லை. சோபாவில் நூல், நாற்காலியில் நூல், நடுவில் மாமா. "பதினாலு… பதினஞ்சு…" என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது அக்கா சமையலறையிலிருந்து, "என்னங்க, மணி என்னாச்சு?" என்பாள். "ஏழு," என்பார் மாமா. அடுத்து, "எட்டு, ஒம்போது…" என்று தொடர்வார். அரைமணி கழித்து நட்சத்திரத்தின் ஒரு கால் மட்டும் முழம் நீண்டிருக்கும். குற்றம் யார்மேல்? மணி கேட்டவள்மேல்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவது நட்சத்திரம் தட்டையாகப் படுத்தது. பதினைந்தாவதற்கு ஐந்து மூலையும் ஒரே அளவு. கருவியை வைத்து அளந்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குறை சொல்ல வேண்டும் என்றே குனிந்து பார்த்த எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மகள் வரும் நாளும் வந்தது. மூன்று மணிக்கு அக்கா பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினாள். இருபத்தொரு நட்சத்திரம் தயார். இன்னும் மூன்று, மூன்றும் சிவப்பு. கூடைக்குள் கைவிட்ட மாமா வெறுங்கையை வெளியே எடுத்தார். வெள்ளை இருந்தது. சிவப்பு தீர்ந்துவிட்டது. நூல் கடைக்கு ஓடினேன். விடுமுறை என்று பூட்டியிருந்தது.

"இருபத்தொண்ணு போதுமே மாமா. யாரு எண்ணப்போறாங்க?"

"இருபத்தி நாலுன்னு ஊர் பூரா சொல்லிட்டேன்."

"அப்ப மூணும் வெள்ளையிலயே பின்னிடுங்க."

"ஒண்ணு விட்டு ஒண்ணு சிவப்பு மாப்ளே. மூணு வெள்ளை சேர்ந்து தொங்கினா சிரிக்கிற வாய் மாதிரி இருக்கும்."

அவர் பார்வை மெல்ல அலமாரிப் பக்கம் போயிற்று. உள்ளே ஒரு சிவப்பு ஸ்வெட்டர் இருந்தது. கல்யாணமான முதல் வருடம் அக்கா தன் கையால் பின்னிக் கொடுத்தது. பத்தொன்பது குளிர்காலமாக அதைத்தான் போட்டுக்கொள்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் சம்சாரம் பின்னினது. இந்த அன்பு கடையில கிடைக்குமா?" என்பார். அதைச் சொல்லத் தொடங்கினாலே அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்திருந்தோம்.

"கீழ் ஓரத்துல ஒரு நாலு வரிசை மட்டும்," என்றார் மாமா. "பேன்ட்டுக்குள்ள விட்டுக்கிட்டா வெளியே தெரியாது."

பிரித்தார். நூல் நீளமாக வரவில்லை. இரண்டு முழம் வரும், அற்றுப்போகும். மறுபடி இரண்டு முழம். நாலு வரிசை போதவில்லை. பிரிப்பு வயிற்றுக்கு ஏறியது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. திடீரென்று மாமா நிறுத்தினார்.

"பாத்தியா மாப்ளே? துண்டு துண்டா வருது. முழு உருண்டை வாங்க அப்ப எங்களுக்கு வசதியில்ல. அங்கங்க மிச்சம் மீதி நூலைப் பொறுக்கி, முடிச்சுப் போட்டுப் போட்டு எனக்குப் பின்னியிருக்கா உன் அக்கா. ஒரு வார்த்தை சொல்லல பாரு!"

அவர் கண்ணாடியில் ஆவி படிந்தது. முடிச்சு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் அழுகிற மனுஷரிடம் போய் முடிச்சு எங்கே என்று கேட்க முடியுமா? கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கை மட்டும் பிரிப்பதை நிறுத்தவில்லை. இந்த இனத்தின் இலக்கணமே அதுதான்.

ஐந்தே முக்காலுக்கு அக்காவும் மகளும் படியேறி வந்தார்கள். நிலைப்படிக்கு மேலே இருபத்து நான்கு நட்சத்திரங்கள். பெண் பையைத் தரையில் போட்டாள்.

"அப்பா! நீங்களா பண்ணினீங்க? நிஜமாவா?" ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மாமா பின்னல் முறை எதையும் விளக்காமல், குனிந்து அவள் பையை எடுத்துக்கொண்டார். அது அபூர்வம்.

அக்கா மட்டும் கடைசியாகப் பின்னிய மூன்றையும் பார்த்தபடி நின்றாள். "இந்த மூணும் வேற சிவப்பா இருக்கே?"

மாமா உள்ளே போய், ஸ்வெட்டரில் மிஞ்சியதைக் கொண்டுவந்தார். இரண்டு கை, ஒரு கழுத்து.

"மன்னிச்சுடு. நீ பின்னினதை… நான் பிரிச்சுட்டேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. மாமா பதறிப்போனார்.

"அழாதே. ஈடு பண்ணிடறேன். உனக்கு முழுக்கை வச்சு ஒரு ஸ்வெட்டர் நானே பின்னித் தர்றேன். உனக்கு மட்டும் இல்ல. பொண்ணுக்கு ஒண்ணு, உன் தம்பிக்கு ஒண்ணு."

அக்கா சட்டென்று திரும்பினாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அழுகை அல்ல, அடக்கிய சிரிப்பு. அதுவும் இப்போது பீதியாக மாறியிருந்தது.

"ஐயோ, வேண்டாங்க! அது நான் பின்னினதே இல்ல! கடையில வாங்கினது!"

முடிச்சு ஏன் என் கண்ணில் படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது: மெஷினில் பின்னி, வெட்டித் தைத்த துணி துண்டு துண்டாகத்தானே பிரியும்!

"கல்யாணமான புதுசு. எனக்குப் பின்னத் தெரியும்னு பெருமையாச் சொல்லிட்டேன். ரெண்டு மாசம் முட்டி மோதினேன். ஒரு கை முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு, இன்னொரு கை முழங்கையைத் தாண்டல. அதைத் தூக்கிப் போட்டுட்டு, கடைக்குப் போய் ஒண்ணு வாங்கி லேபிளை வெட்டிட்டேன். நீங்க உடனே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க. நான் எங்கேர்ந்து நிறுத்துவேன்?"

மாமா அந்தக் கழுத்துப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தார். உட்புறத்தை விரலால் தடவினார். லென்ஸில் கீறல் தேடும்போது எவ்வளவு நேரம் பார்ப்பாரோ, அவ்வளவு நேரம் பார்த்தார்.

"வெட்டின இடமே தெரியல," என்றார் கடைசியில். "பத்தொம்போது வருஷத்துல ஒரு தடவைகூட கழுத்துல குத்தினதில்ல. நல்ல கை உனக்கு."

முதலில் சிரித்தது மகள்தான். பிறகு நாலு பேரும் சிரித்த சிரிப்பில், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நர்ஸம்மா மேலே ஓடிவந்து பார்த்தார்.

மாமாவுக்கு இப்போது புது ஸ்வெட்டர் இருக்கிறது. அக்கா கடையில் வாங்கியது, லேபிளோடு. "என் சம்சாரம் தேர்ந்தெடுத்தது. இந்தக் கண்ணு யாருக்கு வரும்?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் காலரைத் திருப்பிக் காட்டுகிறார். இனம் திருந்திவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். போன வாரம் செருப்புக் கடையில் ஒரு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, நடுவில் எங்கேயோ, 'இது என்ன பெரிய எழுத்து, ஒரு நாள் உட்கார்ந்தால் இதைவிட நன்றாக நானே எழுதிவிடுவேனே' என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததே, அதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பாவம்.